டீசல் லாரிக்கு பாட்டில் மருந்து: எந்தக் கோளாறுக்கு ஊற்றலாம், எதற்கு ஊற்றக் கூடாது

எங்கள் பட்டறைக்கு வரும் லாரிகளில் இருக்கைக்குப் பின்னால் கை விட்டால், பழைய துண்டு, ஜாக்கி கம்பி ஆகியவற்றோடு டீசலில் கலக்கும் மருந்து பாட்டில் ஒன்றும், பாதி தீர்ந்த நிலையில், அகப்படும். சிலர் அதை டானிக் என்பார்கள். "அண்ணா, ரெண்டு பாட்டில் ஊற்றியும் புகை நிற்கவில்லை" என்று தொடங்கும் ஓட்டுநரிடம் நான் முதலில் கேட்பது, "ஊற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது.

பாட்டில் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் ரசாயனங்களுக்குத் தனித்தனி வேலை உண்டு. என்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசிலில் படிந்த கரியைக் கரைப்பது ஒன்று. டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்ள வைப்பது இன்னொன்று. வழுவழுப்பு கூட்டுவது, தண்ணீரைப் பிரிப்பது, கிருமியைக் கொல்வது, குளிரில் மெழுகு கட்டியாகாமல் பார்ப்பது என்று மற்றவை. இத்தனைக்கும் வெளியே கிடக்கும் கோளாறுதான் லாரியில் அதிகம். கிழிந்த ரப்பர் குழாயை எந்த பாட்டிலும் ஒட்டவைக்காது. அதனால் வண்டி காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். டாங்கின் அடி வடிகால் திருகைத் தளர்த்தி, அரை லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நல்ல டீசல், பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். கலங்கலாக நின்றால் தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது. அடியில் தனிக்கோடாக நின்றால் கணிசமாகவே இருக்கிறது. மண்ணெண்ணெய் வாடை வந்தால் ஓட்டுநரைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.

ஏற்றத்தில் கரும்புகை, இழுவை இல்லை

கரும்புகைக்குப் பொருள் இரண்டில் ஒன்றுதான்: உள்ளே போன டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூளாகவில்லை. முதலில் காற்றுப் பக்கம் பாருங்கள், ஏனென்றால் அங்கே பார்ப்பதற்குச் செலவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் வெளியே தெரியவில்லை என்றால் அதை மாற்றுங்கள். அடுத்தது காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் புதிதாகத் தெரியும். கிளாம்பைத் தளர்த்தி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கையில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கே காற்று கசிகிறது.

சங்ககிரிப் பக்கத்து வண்டி ஒன்று, மூன்று நடையாக மருந்து ஊற்றி ஓடியபின் வந்தது. உரிமையாளர் நாசில் ஆறையும் மாற்றிவிடச் சொன்னார். நான் குழாயின் கிளாம்பைக் கழற்றியபோது, அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. நின்ற இடத்தில் என்ஜினை முறுக்கினால் வாய் மூடியே இருக்கும், பாரத்தோடு டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் வெட்டு அது. குழாயை மாற்றினோம், புகை நின்றது. அந்த மூன்று பாட்டில் பணத்தில் குழாயும் வந்திருக்கும், கிளாம்பும் வந்திருக்கும்.

காற்றுப் பக்கம் சரியாக இருந்தால் மட்டும் நாசிலுக்கு வாருங்கள். பழைய பம்ப் வண்டி என்றால் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் மாட்டலாம். கைப்பிடியை அழுத்தும்போது நல்ல நாசில் 'கிர்ர்' என்று நடுங்கி, பனிப்புகை போலத் தூவும். கெட்டது இரண்டு விதம். தூவலில் ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்து, முனையில் கரி அப்பியிருந்தால் அது அடைப்பு. தூவல் தண்ணீர்க் குழாய் போல ஒழுகி, அழுத்தி நிறுத்திய பிறகும் முனையில் சொட்டு தேங்கினால் அது தேய்மானம். அடைப்புக்கு கரி கரைக்கும் மருந்து உண்மையிலேயே உதவும். ஒரே பாட்டிலில் அதிசயத்தை எதிர்பார்க்காமல், குறிப்பிட்ட அளவில் இரண்டு மூன்று டாங்க் தொடர்ந்து போட வேண்டும். தேய்ந்த ஊசிக்கும் அரித்த துளைக்கும் மருந்தே கிடையாது. தேய்ந்த இரும்பை எந்தத் திரவமும் திரும்ப வளர்த்துத் தராது.

ஓர் எச்சரிக்கை. பத்து வருடம் கழுவாத டாங்கில் கரைப்பு மருந்தை ஊற்றினால், அது சுவரில் ஒட்டிய கசடையும் சேர்த்துப் பெயர்க்கும். அது நேராக டீசல் ஃபில்டருக்கு வரும். மருந்து ஊற்றிய நடையில் ஒரு ஃபில்டரைக் கூடுதலாக வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை நீலமாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். எரிவது என்ஜின் ஆயில். டர்போ சீல், பிஸ்டன் ரிங், வால்வு கைடு, இந்த மூன்றில் ஒன்று. டீசல் மருந்துக்கும் அதற்கும் உறவே இல்லை.

காலையில் கிளப்பக் கஷ்டம், வெண்புகை

இதற்குத்தான் 'சீட்டேன் பூஸ்டர்' என்று எழுதிய பாட்டில் அதிகம் விற்கிறது. சீட்டேன் எண் என்பது, தெளித்த டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதன் அளவு. அதைக் கூட்ட 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் என்ற ரசாயனம் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரவிதியே குறைந்தபட்சம் 51 கேட்கிறது. அமெரிக்காவில் அது 40தான். அங்கே எழுதிய விளம்பரத்தை இங்கே மொழிபெயர்த்து ஒட்டினால், இல்லாத பசிக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும். நாமக்கல் மார்கழிக் குளிரில் ஒழுங்கான என்ஜின் 51இல் கிளம்பத்தான் செய்யும்.

இரவில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டாங்குக்கே திரும்பி வடிந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். சோதனை எளிது. காலையில் சாவி போடுவதற்கு முன் ஃபில்டர் அருகிலுள்ள கைப்பம்பை அழுத்துங்கள். முதல் அழுத்தத்திலேயே கனமாக இருந்தால் குழாய் நிரம்பியிருக்கிறது, கோளாறு வேறு இடத்தில். இருபது முப்பது முறை லேசாக அமுங்கிப் பிறகு கனத்து, வண்டியும் உடனே கிளம்பினால் காற்றுதான். டாங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு வாஷரையும் பாருங்கள். கசிவு வெளியே ஈரமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.

கைப்பம்பு கனமாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் பேட்டரி. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறாது, சூடேறாத காற்றில் டீசல் பற்றாது, பற்றாத டீசல்தான் வெள்ளையாக வெளியே வருகிறது. பேட்டரியும் சரி என்றால் வால்வு இடைவெளி, பிறகு கம்ப்ரெஷன். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் என்ஜின் போலப் புகை விட்டுவிட்டு வந்தால், ரிங் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

சூடான பிறகும் வெண்புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால், என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது

இந்த ஒன்றில் நான் பாட்டிலின் பக்கம் நிற்பேன், ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும்.

அடைத்த ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை விரியுங்கள். மணலும் துருவும் என்றால் டாங்க் மூடி சரியில்லை அல்லது டாங்கின் உட்புறம் அரித்துவிட்டது. பழுப்பு நிறத்தில், வடிகட்டிய தேயிலைத் தூள் கூழானது போல வழவழவென்று ஒட்டினால், முகர்ந்து பாருங்கள். தேங்கிய குட்டையின் நாற்றம் அடித்தால் அது கிருமி. டீசலுக்கும் அடியில் நிற்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள எல்லையில் அது வாழ்கிறது. தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்கிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டி, அரை டாங்கோடு நிறுத்திய வண்டி, ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓடும் ஜெனரேட்டர் ஆகியவற்றில்தான் இது வரும். தினமும் ஓடி டாங்க் காலியாகும் லாரியில் அரிது.

டாங்கை முழுதாக வடித்து, கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டரையும் தண்ணீர் பிரிப்பானையும் மாற்றுங்கள். அதன் பிறகு கிருமிக்கொல்லியைக் குறிப்பிட்ட அளவில் சேருங்கள். கழுவாமல் ஊற்றினால் கிருமி செத்து, பிணம் ஃபில்டருக்கு வரும், அவ்வளவுதான். அது விஷமும்கூட. ஊற்றும்போது கையுறை போடுங்கள், கிளீனர் பையனிடம் வெறுங்கையில் கொடுக்காதீர்கள்.

வெறும் தண்ணீர்தான், கிருமி இல்லை என்றால் வடிப்பதே மருந்து. தரவிதிப்படி ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. கண்ணில் படும் அளவுக்கு நின்றாலே அதைத் தாண்டியாகிவிட்டது. 'தண்ணீரை மாயமாக்கும்' பாட்டில்களில் இரண்டு எதிரெதிர் வகை உண்டு. ஒன்று தண்ணீரைத் திரட்டி அடியில் இறக்கும், பிரிப்பான் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றது தண்ணீரை நுண்துளியாக்கி டீசலோடு கலந்து என்ஜினுக்கே அனுப்பும். காமன் ரயில் வண்டியில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புது வகை என்ஜினில், இரண்டாவது வகை ஆபத்து, பிரிப்பானைத் தாண்டிப் போவதுதான் அதன் வேலையே. லேபிளில் எந்த வகை என்று எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள்.

நின்ற இடத்தில் தட்டல், ஆட்டம்

பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் தளர்த்தி, எந்த சிலிண்டரில் ஆட்டம் மாறவில்லை என்று பார்ப்போம். மாறாத சிலிண்டர்தான் நோயாளி. காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 8 பார். அந்தப் பொதுக் குழாயில் ஏறும் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை, அதாவது 200 முதல் 250 மடங்கு. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அங்கே வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அடுத்து, இந்த வண்டிகளில் டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் குழாயைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன பாட்டிலில் விட்டு என்ஜினை ஓட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அதன் உள்ளே கசிவு. அதை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

எல்லா பாட்டிலும் சமமாக நிரம்பியும், குளிர்ந்த நிலையில் ஆட்டம் இருந்து சூடானதும் அடங்குகிறது என்றால், இன்ஜெக்டரின் உள்ளே நகரும் பாகங்களில் அரக்கு போன்ற படலம் படிந்து அவை ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நல்ல கரைப்பு மருந்து தன் விலைக்கு உழைக்கும் இடம் இதுதான். இரண்டு டாங்க் போட்டுப் பாருங்கள், இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் செய்யத் தக்க செலவு இது. பெட்ரோல் பங்குகளில் கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் டீசலிலும் கரைப்பு மருந்து உண்டு. அதை அடிக்கிறவர்கள் மேலும் பாட்டில் ஊற்றினால் ஒரே மருந்தை இரண்டு வேளை சாப்பிட்ட கதை.

'கந்தகம் எடுத்த டீசல் வறட்டு டீசல், பம்பைத் தின்றுவிடும்' என்ற பேச்சும் இங்கேதான் எழும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) டீசல் வந்தபோது கந்தகம் 10 பி.பி.எம்.க்கு, அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு, இறங்கியது. அதற்கு முன் பி.எஸ். 4இல் 50 ஆக இருந்தது. கந்தகத்தை எடுக்கும் முறை, இயல்பான வழுவழுப்பைத் தரும் பொருள்களையும் கொண்டுபோவது உண்மை. அதை அறிந்தேதான் வழுவழுப்புச் சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். டீசலில் நனைத்த சோதனை உருண்டையைத் தேய்க்கும்போது விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று தரவிதி இருக்கிறது. ஆக, நல்ல பங்கில் அடித்த டீசலுக்கு மேலும் வழுவழுப்பு தேவையில்லை. அதைக் கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்படம். கலப்படத்தை பாட்டிலால் ஈடுகட்டப் பார்ப்பதைவிட பங்கை மாற்றுவது மலிவு.

மைலேஜ் குறைந்துவிட்டது

பாட்டில் விற்பவர் அதிகம் பேசும் இடம் இது. கணக்கில் வைப்போம்.

400 லிட்டர் டாங்கு, லிட்டர் 92 ரூபாய் என்றால் 36,800 ரூபாய். பாட்டில் 600 ரூபாய். அந்தக் காசு திரும்பி வரவே 1.6 சதவீதம் மைலேஜ் கூட வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி 4.065 தர வேண்டும், அதாவது லிட்டருக்கு 65 மீட்டர் கூடுதல். அதை உங்களால் அளக்க முடியுமா? பங்கில் லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அல்லது நுரை அடங்குவதற்கு முன் நிறுத்தினால், 5 லிட்டர் முன்னே பின்னே போவது சாதாரணம். 400இல் 5 என்பது 1.25 சதவீதம். இரண்டு முறை நிரப்பும்போது இரண்டு பக்கமும் பிசகினால், மருந்தின் பலன் முழுவதும் நுரைக்குள் மறைந்துவிடும். ஒரே நடையில் 'அரை கிலோமீட்டர் கூடியது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, எதிர்க்காற்று இல்லாத நாளில் ஓட்டியிருப்பார். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஓட்டுநரின் கால் தானாகவே மென்மையாகிவிடும் என்பதும் உண்டு.

பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே பாதை, எடை மேடைச் சீட்டின்படி ஒரே பாரம் என்று வைத்து, மருந்தில்லாமல் ஐந்து நடை, மருந்தோடு ஐந்து நடை ஓட்டுங்கள். ஒரே பங்கில், ஒரே இடத்தில் நிறுத்தி நிரப்புங்கள். எந்த நடையில் மருந்து என்பதை ஓட்டுநருக்குச் சொல்லாதீர்கள். நடுவில் ஃபில்டர், ஆயில், டயர் எதையும் மாற்றாதீர்கள்.

அதற்கு முன் இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் எல்லாச் சக்கரங்களின் ஹப்பையும் புறங்கையால் நெருங்கிப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் தகித்தால் அந்த பிரேக் விடவில்லை. டயர் காற்று, அலைன்மென்ட், தார்ப்பாய் படபடப்பது, 80இல் ஓட்டுவதற்கும் 60இல் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். டாங்கின் மூடிப் பூட்டையும் சேர்த்து. மைலேஜ் குறைந்த வண்டி என்று வந்தவற்றில் சிலவற்றுக்கு மருந்து பூட்டுக் கடையில் கிடைத்தது.

பி.எஸ். 6 வண்டியில் புகை வடிகட்டி விளக்கு எரிகிறது

இங்கே பாட்டிலை எடுத்தால் செலவு லட்சத்தில் போகும். சைலன்ஸருக்குள் இருக்கும் வடிகட்டி கரியைப் பிடித்து, அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. இரும்பு, சீரியம் போன்ற உலோகம் கலந்த மருந்து, டீசலில் ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் ஆயில், சாம்பல் அதிகமுள்ள மலிவு என்ஜின் ஆயில் எல்லாம் அங்கே தங்கிவிடும். பிரான்சின் பூஷோ (Peugeot) கார்களில் 2000ஆம் ஆண்டிலிருந்தே சீரியம் கலந்த மருந்தைத் தனி டாங்கில் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். கார் கம்பெனியே அளந்து ஊற்றும் ஏற்பாடு அது, அங்கும் வடிகட்டியைக் காலக்கெடுவில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

விளக்கு எரிந்தால், பாரத்தோடு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் பல வண்டிகளில் தானே எரித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை. அணையவில்லை என்றால் ஸ்கேனர்.

பி.எஸ். 6 வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டாங்கில் ஊற்றும் ஆட்ப்ளூ பற்றி இரண்டு வார்த்தை. அது 32.5 சதவீத யூரியா கரைந்த சுத்த நீர், டீசல் மருந்து அல்ல. உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 முதல் உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அந்த எண்ணெய், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியில் போய்ப் படியும். ஆட்ப்ளூவைத் தவறி டீசல் டாங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். திருப்பாதவரை டாங்க் கழுவும் செலவோடு போகும், திருப்பிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும்.

காஷ்மீர் பக்கம் போன இடத்தில் வண்டி நின்றுவிட்டது

ஆப்பிள் ஏற்றப் போகிறவர்களுக்காக. டீசலில் இயல்பாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் அது படிகமாகி ஃபில்டரை மூடும். ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு நம் தரவிதியில் கோடைத் தரத்துக்கு 18 டிகிரி, குளிர்காலத் தரத்துக்கு 6 டிகிரி என்ற வரம்பு மட்டுமே உள்ளது. தெற்கே நிரப்பிய டாங்கோடு பனிக்குள் போனால் நிற்கத்தான் செய்யும். மெழுகு தடுக்கும் மருந்து வேலை செய்யும், ஆனால் டீசல் தெளிவாக இருக்கும்போதே, குளிருக்குள் நுழைவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும். கட்டியான மெழுகை அது கரைக்காது. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் டாங்கைக் காலியாக வைத்துப் போய் அங்கே நிரப்புவதே மேல்.

நின்றே விட்டால் டாங்குக்கு அடியில் வைக்கோல் கொளுத்தாதீர்கள். செய்து பார்த்தவர்களின் தார்ப்பாய்கள் எரிந்திருக்கின்றன. ஃபில்டரைக் கழற்றி, ஓட்டுநர் தன் கம்பளிக்குள் வைத்தோ சுடுநீர்ப் பையால் சுற்றியோ சூடாக்கட்டும். இல்லாவிட்டால் வெயில் ஏறும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். பதினோரு மணிக்கு மேல் கைப்பம்பை அழுத்திப் பார்த்தால், கனம் திரும்பியிருக்கும்.